மூன்றாம் கட்டத்துத் தேள்

தேள் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. பெங்குவின் செத்துவிட்டது, தலைகீழாக ஒரு துள்ளு துள்ளி, குக்கர் விசில் மாதிரி ஒரு சத்தம் போட்டு, திரைக்குக் கீழே போய்விட்டது, ஹெட்போனில் முபாரக் சிரிக்கிறான், "என்னக்கா, தேள் அவ்வளவு தூரத்துலேர்ந்து நடந்து வருது, நீங்க நேராப் போய் அது மேலயே ஏறுறீங்க?" என்கிறான், நானும் சிரிக்கிறேன், சிரித்துத்தான் ஆகவேண்டும், நூற்று முப்பது பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சனிக்கிழமை மதியம் மூன்று மணி. நாலு வருஷமாக இந்த நேரத்தில் நான் பொன்மலையில் என் அறையிலும் முபாரக் காரைக்காலில் அவனுடைய செல்போன் ரிப்பேர் கடையின் பின்கட்டிலும் உட்கார்ந்து நேரலையில் பேசுகிறோம், நிகழ்ச்சிக்குப் பெயர் 'தோத்த கேசட்', யாருக்கும் வேண்டாத, யாரோ அவசரத்தில் அரைகுறையாகச் செய்து சந்தையில் தள்ளிவிட்ட பழைய டிவி கேம்களைப் பற்றி மட்டும். நான் ஆடுவேன், அவன் கிண்டல் செய்வான், திரையில் ஆட்டம் மட்டும்தான் தெரியும், எங்கள் முகம் தெரியாது, எனக்கே அவன் முகம் தெரியாது, குரல்தான், ர-வை ஒரு மாதிரி உருட்டிச் சொல்கிற குரல். இன்றைக்கு எடுத்திருப்பது தபால்காரப் பெங்குவின். பனி கிடையாது, கடல் கிடையாது, பாலைவனத்தில் ஒரு பெங்குவின் தோளில் பையோடு நடந்து கடிதம் கொடுக்கிறது, ஏன் என்று யாரும் சொல்லவில்லை, முதல் பக்கத்துத் தலைப்பிலேயே பெங்குவினுக்கு எழுத்துப் பிழை, நோட்ஸ் புத்தகங்களுக்குப் பிழை திருத்திச் சாப்பிடுகிறவள் நான், அதைப் பார்த்ததும் எனக்கு அந்த ஆட்டத்தின்மேல் பிரியம் வந்துவிட்டது. ஆனால் இந்தத் தேள். இரண்டாவது முறை. பெங்குவினின் காலடியில் வந்த பிறகுதான் தெரிகிறது, அதற்கு முன்னால் அங்கே மணல்தான் இருந்தது, மணல்கூட இல்லை, அங்கே என்ன இருந்தது?

கேட்பவர்களில் ஒருவர் அதே கேள்வியை எழுதிப் போட்டிருக்கிறார், தேள் ஏன் திடீரென்று வருகிறது என்று, எனக்கு மூச்சு வருகிறது, ஏனென்றால் இதற்குப் பதில் தெரியும். "அதாவது மக்களே," என்கிறேன், குரல் நன்றாகத்தான் இருக்கிறது, "அந்தக் காலத்து மெஷினால ஒரு வரிசையில எட்டு உருவத்துக்கு மேல வரைய முடியாது. ஒன்பதாவதா ஒண்ணு வந்துச்சுன்னா அதை வரையாம விட்டுரும். அது அங்க இருக்கும், நடக்கும், நம்மளைக் கொல்லும், ஆனா திரையில தெரியாது. நல்லாச் செஞ்ச ஆட்டத்துல இதைச் சமாளிக்க வழி பண்ணியிருப்பாங்க, இவங்க பண்ணலை." சொல்லும்போதே நிம்மதியாக இருக்கிறது, மெஷின், மெஷின்தான், முப்பது வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஊரில் யாரோ தூக்கம் கெட்டு எழுதிய தப்பு, அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. "இல்லக்கா," என்கிறான் முபாரக், "அந்த வரிசையில மூணு உருவம்தான் இருந்துச்சு. பெங்குவின், ஒட்டகம், தேள். எனக்கு முழுசாத் தெரிஞ்சுதே." நான் கண்ணாடியைக் கழற்றிச் சுடிதார் முனையில் துடைக்கிறேன். அழுக்கு. புதன்கிழமையிலிருந்து இந்தக் கண்ணாடி அழுக்காகத்தான் இருக்கிறது, எத்தனை முறை துடைத்தாலும் அடுப்புக்கரித் தூள் மாதிரி சின்னச்சின்னதாகக் கறுப்பு மிதக்கிறது, பார்வையை நகர்த்தினால் அதுவும் நகர்கிறது, நிறுத்தினால் மெதுவாக இறங்குகிறது, அழுக்கு எப்படி இறங்கும்? புதன்கிழமை சாயங்காலம் குளியலறையில் விளக்குப் போடுவதற்கு முன்னால் தலையைத் திருப்பினேன், ஓரத்தில் பளிச்சென்று ஒரு வெட்டு, யாரோ ஜன்னல் வழியாகப் போட்டோ எடுத்த மாதிரி, ஜன்னலே இல்லாத குளியலறை. பித்தம் என்று நினைத்தேன். வியாழக்கிழமை இரண்டு முறை. வெள்ளிக்கிழமை எண்ணவில்லை, எண்ணக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

"அடுத்த உயிர், ஆரம்பிக்கலாமா?" என்று முபாரக் கேட்கிறான், ஒரு நிமிஷம் இருடா, தண்ணி குடிச்சிக்கிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்காமல், வலது உள்ளங்கையை வலது கண்ணின்மேல் வைக்கிறேன். வலது கண் என் கண்ணே இல்லை, சின்ன வயதிலிருந்தே அது சோம்பேறிக் கண், வெளிச்சம் தெரியும், ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது, பள்ளிக்கூடத்தில் எழுதியது, பிழை திருத்தியது, பெங்குவினை ஓட்டியது, அம்மாவைச் சவப்பெட்டியில் கடைசியாகப் பார்த்தது எல்லாம் இடதுதான், மைனஸ் பதிமூன்று கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற இந்த ஒற்றை இடது. அதை வைத்துத் திரையின் நடுவை மட்டும் பார்க்கிறேன், பெங்குவின் பையோடு நிற்கிறது, தெளிவாக, அதன் மஞ்சள் அலகு, மேலே வானம், இடது பக்கம் ஒட்டகம், எல்லாம் இருக்கிறது. வலது பக்கம் கீழே இல்லை. கறுப்பு என்றும் சொல்ல முடியாது, ஈரத் துணியைக் காயப்போட்ட மாதிரி பழுப்பாக ஒன்று, கீழ் ஓரத்திலிருந்து மூக்குப் பக்கமாக ஏறி நிற்கிறது, அதன் விளிம்பு லேசாக ஆடுகிறது. மேஜையின் மூலையை அது தின்றிருக்கிறது. இடது கையை அங்கே கொண்டுபோகிறேன், விரல்கள் ஒவ்வொன்றாக அதற்குள் போகின்றன, சுண்டுவிரல் போய்விட்டது, மோதிர விரல் போய்விட்டது. கையை வெடுக்கென்று எடுத்துக்கொள்கிறேன், எதையோ தொட்டுவிட்ட மாதிரி. அப்பா. எனக்கு முதலில் வருகிற நினைப்பு கடவுளோ ஆஸ்பத்திரியோ இல்லை, அப்பா, அடுத்த அறையில் ரேடியோவைக் குறைவாக வைத்துக்கொண்டு சாய்ந்திருக்கிற எழுபத்து மூன்று வயது சவரிமுத்து, ரயில்வே பட்டறையில் லேத் மெஷினில் நின்றவர், இடது கண் போனவர். ஒருநாள் காலைல எந்திரிச்சேன், போயிருச்சு, இப்படித்தான் எல்லோரிடமும் சொல்வார். அது பொய் என்று எனக்குத் தெரியும். எனக்குப் பதினைந்து வயது, டிவிக்கு முன்னால் கேம் ஆடிக்கொண்டிருக்கிறேன், அப்பா பின்னால் வந்து நின்று ஒரு கையால் ஒரு கண்ணை மூடுகிறார், எடுக்கிறார், மறுபடி மூடுகிறார், "பாப்பா, அந்த ஓரத்துல ஏதாச்சும் நடக்குதா?" என்று கேட்கிறார், "மறைக்காதீங்கப்பா, நகருங்க" என்கிறேன் நான். நகர்ந்துவிட்டார். அதற்கு அப்புறம் ஒரு மாதத்துக்கு மேல் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வேலைக்குப் போனார், வந்தார். பிறகு டாக்டரிடம் போனபோது, கண்ணுக்குள்ளே இருக்கிற திரை, ரெட்டினா, முழுசாக உரிந்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள்.

"தண்ணி குடிச்சாச்சா, கிணறு வெட்டிக் குடிக்கிறீங்களா?" சிரிப்பு. ஆரம்பிக்கிறேன். ஏன் ஆரம்பிக்கிறேன் என்று தெரியவில்லை, எழுந்து போகலாம், ஆனால் எழுந்தால் அது உண்மையாகிவிடும், உட்கார்ந்து ஆடிக்கொண்டிருக்கும்வரை இது ஒரு மோசமான ஆட்டம், அவ்வளவுதான். பெங்குவினை நடத்துகிறேன், குதிக்கவைக்கிறேன், பொத்தானை அழுத்தி அரை நொடி கழித்துத்தான் அது குதிக்கும், அதையும் திட்டுகிறேன், தேள் வந்து கொல்கிறது, பாத்தீங்களா மக்களே, சுத்தமா நியாயமே இல்லாத ஆட்டம் என்கிறேன், மறுபடி, மறுபடி, ஒவ்வொரு சாவுக்கும் ஆட்டத்தின்மேல் ஒரு குற்றம் கண்டுபிடிக்கிறேன், நிறம் சரியில்லை, தேளும் மணலும் ஒரே நிறம், பெங்குவினுக்குக் கால் குட்டை, கேட்பவர்கள் சிரித்துச் சிரித்து எழுதுகிறார்கள், இன்றைக்கு அக்கா செம ஃபார்மில் இருக்கிறார் என்று ஒருவர். நாக்கு தனியாக ஓடுகிறது, உள்ளே நான் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன், நேற்று இந்த நிழல் இருந்ததா, நேற்று பத்தாம் வகுப்பு அறிவியல் நோட்ஸில் வலது கீழ் மூலையில் பக்க எண்ணே இல்லை என்று பென்சிலால் வட்டம் போட்டு எழுதி அனுப்பினேனே, எல்லாப் பக்கத்திலும், பதினாறு பக்கத்திலும், ஐயோ. பக்க எண் இருந்திருக்கிறது. அப்படியென்றால் நேற்றே. அப்படியென்றால் வளர்கிறது. ஒரு நாளில் எவ்வளவு வளரும், நடுவுக்கு வர இன்னும் எவ்வளவு இருக்கிறது, தலையை ஆட்டினால் வேகமாக உரியுமா, நான் இப்போது பேசிப் பேசித் தலையை ஆட்டிக்கொண்டுதானே இருக்கிறேன், கழுத்தைக் கல் மாதிரி வைத்துக்கொள்கிறேன். "இதைச் செஞ்ச ஆள் யாரா இருக்கும்க்கா?" என்று முபாரக் கேட்கிறான், வழக்கமாக நாங்கள் அதிகம் பேசுகிற இடம் இது, ஆளைக் கற்பனை செய்வோம், ஒரே ஆளா, இரண்டு பேரா, முதலாளி எத்தனை வாரம் கொடுத்தான், மூன்றாவது கட்டத்தில் தபால் பெட்டியே வைக்க மறந்துவிட்டானே, அதனால் இந்த ஆட்டத்தை உலகத்தில் யாராலும் முடிக்கவே முடியாதே, அது அவனுக்குக் கடைசிவரை தெரியுமா தெரியாதா. "தெரிஞ்சிருக்கும்," என்கிறேன், "தெரிஞ்சும் சொல்லாம இருந்திருப்பான்." நான் சொன்ன விதம் சரியில்லை போலிருக்கிறது. அவன் சிரிக்கவில்லை.

ஹெட்போனில் டக்கென்று ஒரு சத்தம். கேட்பவர்களின் எழுத்து வருவது நின்றுவிட்டது. "அக்கா, நான் நேரலையை நிறுத்தி விளம்பர அட்டையைப் போட்டுட்டேன், யாருக்கும் கேக்காது," என்கிறான் முபாரக், கிண்டல் குரல் இல்லை, கடைக்கு அழுதுகொண்டு வருகிற வாடிக்கையாளரிடம் பேசுகிற குரலாக இருக்கும் இது, "பதினொரு தடவை செத்துட்டீங்க. பதினொண்ணும் வலது பக்கத்துத் தேள். இடது பக்கம் வந்த ஒட்டகத்தை ஒண்ணுகூட விடலை, எல்லாத்தையும் தாண்டிட்டீங்க. நீங்க என்னைவிட நல்லா ஆடுறவங்க. என்ன ஆச்சு?" ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறக்கிறேன். "ஒண்ணும்" வரை வந்துவிட்டது. பிறகு மேஜை விளிம்பைப் பிடித்துக்கொள்கிறேன், மூலை இல்லாத மேஜை. "எனக்குத் தெரியலடா முபாரக். அந்தப் பக்கம் எனக்குத் தெரியல. துணி மாதிரி இருக்கு." சொன்னது என் குரல்தான், ஆனால் பதினைந்து வயதுக் குரல். அவன் பதறவில்லை, பதறியிருந்தால் நான் உடைந்திருப்பேன். "எந்தக் கண்ணு?" "நல்ல கண்ணு." அங்கே ஏதோ ஸ்க்ரூ டிரைவர் கீழே விழுகிற சத்தம். "அப்பா இருக்காங்களா? எழுப்புங்க. இப்பவே. உங்க போனுக்கு இப்பக் கூப்பிடுறேன், எடுத்துட்டு வைக்காதீங்க, பையில போட்டுக்கங்க, நான் கேட்டுக்கிட்டே இருக்கேன். கட் பண்ணாதீங்கக்கா." அவன் அதைச் சொல்லியிருக்காவிட்டால் எழுந்திருப்பேனா. தெரியாது. திங்கட்கிழமை போகலாம் என்று நினைத்திருப்பேன், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு, திங்கட்கிழமை.

அப்பாவின் அறைக்கு ஒன்பது எட்டு. தலையை ஆட்டாமல் நடக்கிறேன், தண்ணீர்க் குடம் சுமக்கிற மாதிரி. ரேடியோவில் உர விலை சொல்கிறார்கள். அப்பா கட்டிலில் சாய்ந்து வெறும் மார்பில் விசிறிக்கொண்டிருக்கிறார், என்னைப் பார்க்கிறார், அவருடைய ஒற்றை வலது கண்ணால், நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவர் விசிறியைக் கீழே வைத்துவிட்டார். என் கை வலது கண்ணை மூடியிருக்கிறது, எனக்கே தெரியாமல் மூடியபடியே வந்திருக்கிறேன். "எத்தனை நாளா?" என்கிறார். "புதன்கிழமைலேர்ந்து." அவ்வளவுதான், திட்டவில்லை, ஏசுவே என்றுகூடச் சொல்லவில்லை, ஆணியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டுகிறார், பொத்தானைத் தப்பான ஓட்டையில் போடுகிறார், அவிழ்த்துச் சரியாகப் போடுகிறார், மறுபடி தப்பு, அப்படியே விட்டுவிடுகிறார். ஆட்டோவில் நான் கண்ணை மூடிக்கொண்டு அவர் தோளில் தலையை வைத்திருக்கிறேன், பள்ளம் வரும்போதெல்லாம் அவர் உள்ளங்கையால் என் தலையைப் பிடித்துக்கொள்கிறார், "மெதுவாப் போப்பா, மெதுவா" என்று டிரைவரிடம் ஒவ்வொரு தெருவிலும் சொல்கிறார், ஒவ்வொரு பள்ளத்திலும், இப்போது உரிந்திருக்கும், இப்போது, கண்ணைத் திறந்து பார்க்கப் பயம், திறந்து பார்க்காமல் இருக்கவும் பயம். "நான் நாப்பது நாள் வச்சிருந்தேன்," என்கிறார் அப்பா, என் தலைக்கு மேலே, ரோட்டைப் பார்த்துக்கொண்டு. "காலைல எந்திரிச்சா போயிருந்துச்சுன்னு உங்கம்மாகிட்டகூட அப்படித்தான் சொன்னேன். பொய். தெனமும் கொஞ்சம் கொஞ்சமா ஏறுச்சு. காலண்டரை வச்சு அளந்தேன்." "ஏம்பா சொல்லலை?" "பயம்." ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போகிறது, அது போகும்வரை காத்திருக்கிறார். "டாக்டர் பேர் சொல்லிட்டா அது நெசமாயிரும்னு பயம். வேற ஒண்ணுமில்ல. பெரிய வைராக்கியம்னு நெனைச்சிருப்பீங்க." நான் டிவி முன்னால் உட்கார்ந்து, நகருங்க என்று சொன்னதை இப்போது சொல்லலாம், இருபத்தெட்டு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். "எனக்குத் தெரியும்பா. நீங்க என் பின்னாடி வந்து நின்னு கண்ணை மூடி மூடிப் பாத்தீங்க. நான்தான் உங்களைப் போகச் சொன்னேன்." "நீ கேம் ஆடிக்கிட்டிருந்த புள்ள," என்கிறார் அப்பா, "என்னமோ டாக்டர் மாதிரிப் பேசுற," அவர் கை என் தலையில் இன்னும் கொஞ்சம் அழுத்தமாக இருக்கிறது.

கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து எரிகிறது. ஒன்று, பத்து நிமிஷம் கழித்து இன்னொன்று, வரிசை நாற்காலியில் தலையைச் சாய்த்து உட்காரவைத்திருக்கிறார்கள், என்னைச் சுற்றி இருபது பேர் அண்ணாந்து உட்கார்ந்திருக்கிறார்கள், பெரிதாக விரிந்துகொண்டே போகிற கண்ணுக்குள் டியூப்லைட் எல்லாம் பால் மாதிரி ஒழுகுகிறது, நிழல் எங்கே இருக்கிறது என்று தேடுகிறேன், வெளிச்சத்தில் கரைந்துவிட்டதா, போய்விட்டதா, ஒருவேளை ஒன்றுமே இல்லையோ, டாக்டர் சிரித்து அனுப்பிவிடுவாரோ, அப்படி ஒரு ஆசை நிமிஷத்துக்கு ஒருமுறை வந்து வந்து போகிறது. பேர் கூப்பிடுகிறார்கள், ஜெசிந்தா, ஜெசிந்தா யாரு. டாக்டர் சின்னப் பெண், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர், நெற்றியில் விளக்கு கட்டியிருக்கிறார், படுக்கவைத்து இமையின்மேல் ஒரு கம்பியால் அழுத்துகிறார், மேல பாருங்க, வலது மேல, இடது மேல, நேரா மேல, வலிக்கிறது, வலி பரவாயில்லை, வலி என்றால் யாரோ ஏதோ செய்துகொண்டிருக்கிறார்கள், அவர் பேசாமல் இருப்பதுதான் தாங்க முடியவில்லை, இடது மேலே வந்ததும் அவர் மூச்சு ஒரு நொடி நிற்கிறது, என் காதுக்கு அது கேட்டுவிட்டது. "என்னம்மா?" என்று அப்பா கேட்கிறார், சுவரோரமாக நின்று. டாக்டர் விளக்கை அணைத்துவிட்டுத்தான் சொல்கிறார். "ரெட்டினா மேல் பக்கம் கிழிஞ்சு உரிய ஆரம்பிச்சிருக்கு. அதனாலதான் கீழ தெரியலை. நடுப்பகுதி இன்னும் ஒட்டிக்கிட்டுதான் இருக்கு, ரொம்பப் பக்கத்துல வந்திருச்சு. நாளைக் காலைல முதல் கேஸா எடுத்துடறேன். திங்கட்கிழமை வந்திருந்தீங்கன்னா நான் வேற மாதிரிப் பேசியிருப்பேன்." பார்வை நிக்குமா என்று அப்பா கேட்கிறார், நான் கேட்க வேண்டியது. "நிக்கிறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்குங்கய்யா. சத்தியம் பண்ண மாட்டேன். இன்னிக்கு ராத்திரி இவங்க அசையாம இருக்கணும், அதுதான் இப்ப இவங்க செய்ய வேண்டியது."

இரண்டு கண்ணையும் கட்டிவிட்டார்கள். ஒன்றை மட்டும் கட்டினால் மற்றது அசையும்போது இதுவும் அசையுமாம். பஞ்சு, அதன்மேல் பிளாஸ்திரி, தலைக்கு இரண்டு பக்கமும் தலையணை, ஆறு மணி இருக்கும், வார்டில் தட்டு சத்தம், டெட்டால் வாசம், எங்கேயோ ஒரு குழந்தை. வெளியே நிழல் இல்லை இப்போது, எல்லாமே நிழல், அதனால் பயம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் உடம்பு முழுக்க அலைகிறது, காலில் இருக்கிறது, பல்லில் இருக்கிறது, கட்டுக்குள் கண் தானாக உருளப் பார்க்கிறது, எதையாவது தேடுகிறது, தேடாதே, அசையாதே, நேராக இரு, அது என் பேச்சைக் கேட்கவில்லை. இப்படியே இருந்துவிட்டால். நாளைக் காலை கட்டை அவிழ்த்து அவர்கள் செய்வதைச் செய்து மறுபடி கட்டி, பிறகு ஒருநாள் அவிழ்க்கும்போதும் இப்படியே இருந்துவிட்டால். மூச்சு வேகமாகிறது, வேகமாக மூச்சு விட்டால் தலை ஆடுமோ என்று அதற்கும் பயம். "அந்தப் பையன் பஸ் ஏறிட்டானாம்," என்கிறார் அப்பா, நாற்காலியை இழுத்துக்கொண்டு வருகிறார், "உன் போன் பையிலேர்ந்து கத்திக்கிட்டே இருந்துச்சு, எடுத்துப் பேசினேன். இப்ப கும்பகோணம் தாண்டிட்டான்." முபாரக் வருகிறான். நாலு வருஷம் குரலாக இருந்தவன் இந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நிற்பான், நான் பார்க்க முடியாது, உயரமா குட்டையா என்றுகூட. அழுகை வருகிறது, அழக்கூடாது, கட்டு நனைந்துவிடும். "அப்பா." "சொல்லும்மா." "ஏதாச்சும் பேசுங்கப்பா. நிறுத்தாமப் பேசுங்க." அப்பா பேசுகிற ஆள் இல்லை, சாப்பிட்டியா, கதவைச் சாத்து, அதோடு சரி, அம்மா அதைக் குறை சொல்லியே செத்தாள். தொண்டையைச் செருமுகிறார். நாற்காலி கிறீச்சிடுகிறது. எதைப் பேசுவது என்று தெரியாமல் சுற்றிப் பார்க்கிறார் போலிருக்கிறது. "எதுத்த கட்டில்ல ஒரு அம்மா ஆரஞ்சு உரிக்கிறாங்க," என்கிறார், மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து. "பச்சைச் சேலை. ஒரு கண்ணுல கட்டு. அவங்க வீட்டுக்காரர் தரையில உக்காந்து தோலையெல்லாம் பேப்பர்ல பொறுக்குறாரு. அவருக்கு வழுக்கை. ஜன்னல்ல ஒரு புறா. இல்ல, ரெண்டு. ஒண்ணு கம்பிக்குப் பின்னாடி இருந்துச்சு, நான் பாக்கலை." நிறுத்துகிறார். கட்டில் விளிம்பில் துழாவுகிறேன், அவர் சட்டை கிடைக்கிறது. "இன்னும்," என்கிறேன். "இன்னுமா," என்கிறார் அப்பா, "சரி, மேல ஃபேன். மூணு றெக்கை. தூசி..."